அணைத்து வைத்த திரை

வசீலாவின் கம்ப்யூட்டர் திரை பதினான்கு வருஷமாக அணைந்தேதான் கிடந்தது.

அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் ஆலிவ் சந்தைக்குப் பின்னால் இருக்கும் அந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில், அப்பாயின்ட்மென்ட் பிரிவு என்பது ஒரே அறைதான். நான்கு மேஜைகள், ஒரு கவுன்டர். கவுன்டரில் சாய்ந்து நிற்கும் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் எட்டிப் பார்த்தால் எல்லார் திரையும் தெரியும். யாருக்கு என்ன வியாதி, கட்டி எவ்வளவு பெரியது, எல்லாம். வசீலாவின் திரையில் மட்டும் யாரும் எதையும் பார்க்க முடியாது.

"எனக்கே தெரியாதத நீங்க பார்த்து என்ன பண்ணப் போறீங்க?" என்பாள்.

பிறவியிலேயே பார்வை இல்லை அவளுக்கு. வலது காதில் ஹெட்போன், இடது காதில் டெலிபோன். ஹெட்போனுக்குள் ஓர் ஆண்குரல் திரையில் இருப்பதையெல்லாம் வாசித்துக்கொண்டே இருக்கும். கடுகு பொரிகிற வேகத்தில் வாசிக்கும் அந்தக் குரலுக்கு வாத்தியார் என்று பெயர் வைத்திருந்தாள். அது பேசுவது மற்றவர்களுக்கு வெறும் படபடப்பு. அவளுக்கு அது தெள்ளத் தெளிவு. வார்டிலிருந்து நர்ஸ் போனில் பெயரும் ஃபைல் நம்பரும் சொல்லி முடிப்பதற்குள் தேதியைக் குறித்துவிட்டு, அடுத்த நிமிஷம் நோயாளியின் வீட்டுக்குப் போன் போட்டிருப்பாள். போனில் பேசுகிறவர்களுக்கு அவள் ஒரு குரல். கண் தெரியாத குரல் என்று ஒன்று கிடையாதே.

அந்த நவம்பரில் வாத்தியார் போய்விட்டார்.

தலைநகரிலிருந்து உத்தரவு. எல்லா ஆஸ்பத்திரிகளையும் ஒரே வலைக்குள் கொண்டுவருகிறார்களாம். பழைய கம்ப்யூட்டர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வந்தவை புதிய பெட்டிகள், அவற்றுக்குள் வேறு அமைப்பு. வாத்தியார் அதில் ஏற மாட்டார் என்று கம்ப்யூட்டர் இன்ஜினியர் அனீஸ் கையை விரித்துவிட்டான்.

பிரிவின் தலைவி மோன்ஜியா மேடம் அவளை உள்ளே கூப்பிட்டார். நல்ல மனுஷி. குரலில் எப்போதும் ஒரு இரக்கம் கசியும். வசீலாவுக்குப் பயம் அந்த இரக்கத்திடம்தான்.

"ஒரு மாசம் பாரும்மா. முடிஞ்சா செய். முடியலைன்னா ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது. உன் வேலைய யாரும் பறிக்க முடியாது, சட்டம் இருக்கு. ஹம்மாதி இல்லையா? அவர் ரூம்ல இன்னொரு நாற்காலி போட்டுக்கலாம்."

ஹம்மாதி கீழ்த்தளத்தில் டெலிபோன் போர்டு பார்த்தவர். அவருக்கும் பார்வை கிடையாது. ஆறு வருஷம் முன்னால் போர்டு தானியங்கியாகிவிட்டது. அவரை அனுப்பவில்லை. பிளக் பிடுங்கிய பழைய போர்டின் முன்னால் உட்கார வைத்தார்கள். காலை எட்டு மணிக்கு வருவார், காப்பி குடிப்பார், இரண்டு மணிக்குப் போவார்.

வசீலா அன்று அவரைப் பார்க்கப் போனாள்.

"வா வா. துடைச்சு வெச்சிருக்கேன் உன் நாற்காலிய" என்றார் ஹம்மாதி.

"துடைக்கிறத நிறுத்துங்க. நான் வர மாட்டேன்."

"அப்படித்தான் நானும் சொன்னேன். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. இங்க தப்பே நடக்காது. ஆறு வருஷத்துல ஒரு தப்பு பண்ணலை நான். டைரக்டரால சொல்ல முடியுமா அந்த மாதிரி?"

சிரித்தார். வசீலா சிரிக்கவில்லை.

புதிய பெட்டியில் பேசியது ஒரு பெண்குரல். பிரெஞ்சுக்காரி அரபி பேசுகிற மாதிரி இழுத்து இழுத்துப் பேசியது. வேகத்தைக் கூட்டினால் எச்சில் தெறிக்கிறாற்போல் உடைந்தது. வாத்தியாரிடம் ஒரு விசையில் நடந்த காரியத்துக்கு இங்கே மூன்று விசை. விரல்கள் பழைய இடத்துக்கே ஓடின. பதினான்கு வருஷம் குடியிருந்த வீட்டில் ராத்திரியோடு ராத்திரியாகச் சுவரை மாற்றிக் கட்டிவிட்டாற்போல் போகிற பக்கமெல்லாம் முட்டியது.

அனீஸ் அவளுக்கென்று ஒரு பயிற்சி அட்டவணை போட்டுக்கொடுத்தான். அசல் அட்டவணையின் நகல். போன வாரத்து நோயாளிகள், நிஜப் பெயர்கள், நிஜத் தேதிகள்.

"இதுல என்ன வேணா பண்ணுங்க வசீலா அக்கா. அழிங்க, உடைங்க. அசலுக்கு ஒண்ணும் ஆகாது."

உடைத்தாள். இரண்டு வாரம் உடைத்தாள். பெயர்க் கட்டத்துக்கு எத்தனை தட்டு, தேதிக்கு எத்தனை, சேமிக்க எத்தனை என்று எண்ணி எண்ணி, கெட்டித் தாளில் பிரெயில் புள்ளிகளாகக் குத்தி வைத்துக்கொண்டாள். தாள்கள் பன்னிரண்டு ஆயின. வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் அவற்றை மடியில் வைத்துத் தடவிப் படிப்பாள்.

அவளைப் பாடாய்ப் படுத்தியது புதிய குரல் அல்ல. பக்கத்து மேஜை லத்தீஃபா.

லத்தீஃபாவுக்கு நல்ல மனசு. நல்ல மனசுக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். டியூனா மீன் வைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டே பின்னால் வந்து நின்று, திரையைப் போட்டுவிட்டு, "கீழ போ, கீழ... இன்னும் கீழ... ஐயோ தாண்டிட்டே" என்பாள். காதில் ஹரீசா மிளகாய் விழுதின் வாடையோடு மூச்சு விழும்.

நான்காம் நாள் வசீலா பொறுமையிழந்தாள். "லத்தீஃபா, உனக்கு ரெண்டு கண்ணு. எனக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டையும் உன் மேஜைக்குக் கொண்டு போறியா?"

"உதவிதானடி பண்றேன்."

"நீ சொல்லிக் குடுத்தா நான் உன்னை நம்பித்தான் வேலை செய்யணும். நாளைக்கு நீ லீவு போட்டா?"

லத்தீஃபா முணுமுணுத்துக்கொண்டு போனாள். வசீலா கையை நீட்டித் திரையின் பொத்தானை அழுத்தி அணைத்தாள். அணைந்ததா என்று கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு மெல்லத் தணிந்தது.

டிசம்பர் முதல் திங்கள்கிழமை அவளை அசல் அட்டவணையில் ஏற்றினார்கள். அன்று நான்கு பேருக்குத் தேதி குறித்தாள். பழைய கணக்கில் பாதிகூட இல்லை. ஆனால் நான்கும் சரி. லத்தீஃபா தன் திரையில் சரிபார்த்து, "ஒழிஞ்சு போ, நாலும் சரியா இருக்கு" என்றாள். அன்று இரண்டு பேரும் சேர்ந்து காப்பி குடித்தார்கள்.

புதன்கிழமை மின்சாரம் போய் இருபது நிமிஷம் கழித்து வந்தது. கம்ப்யூட்டர்கள் எல்லாம் மறுபடி விழித்தன. வசீலா தன் பெயரையும் ரகசிய எண்ணையும் அடித்தாள். "அப்பாயின்ட்மென்ட் அட்டவணை" என்றது பிரெஞ்சுக்காரி. எண்ணி வைத்திருந்த தட்டுகள் எண்ணியபடி வந்தன. பெயர்கள் தெரிந்த பெயர்கள். வேலையைத் தொடர்ந்தாள்.

அந்த வாரம் முடிந்து அடுத்த வாரமும் வந்தது. விரல்கள் மெல்லப் பழகின. ஒரு நாளில் எட்டுப் பேர் முடித்தபோது மோன்ஜியா மேடம் வந்து தோளைத் தட்டி, "பரவாயில்லையே" என்றார். மாசம் முடிய எட்டே நாள் பாக்கி. ஹம்மாதியின் அறையை இப்போதெல்லாம் அவள் நினைப்பதுகூட இல்லை.

அந்த வியாழக்கிழமை காலை கவுன்டரில் ஒரு பெண்ணின் குரல் உயர்ந்தது.

"மெக்னாஸியில இருந்து வர்றோம். காலைல நாலு மணிக்கு லுவாஜ் வண்டி பிடிச்சு வந்திருக்கோம். பேர் இல்லன்னா என்ன அர்த்தம்?"

"பேர் இல்லன்னா இல்லன்னுதான் அர்த்தம்" என்றாள் லத்தீஃபா. "தேதிய மாத்திக் கேட்டிருப்பீங்க."

"நெஜ்மா, கத்தாதே" என்றது ஓர் ஆண்குரல். மணலை அரைக்கிற மாதிரி ஒரு கரகரப்பு.

வசீலா ஹெட்போனைக் கழற்றினாள். அந்தத் தொண்டையை அவளுக்குத் தெரியும். போன வாரம் போனில் கேட்டது. பெயர் ஆமர். தொண்டையில் கட்டி. கதிர்வீச்சு கொடுக்குமுன் எடுக்கிற ஸ்கேனுக்கு இன்று ஒன்பது மணிக்கு வரச் சொன்னவளே அவள்தான்.

"அவர் பேர் இருக்கு லத்தீஃபா. நான்தான் போட்டேன்."

"எங்க இருக்கு? ஒன்பது மணிக்கு வேற ஆள் இருக்கு. உள்ளயே போயாச்சு."

வசீலா தேடினாள். பிரெஞ்சுக்காரி நிதானமாக வாசித்தாள்: ஆமர், மெக்னாஸி, வியாழன், ஒன்பது மணி.

"இங்க இருக்கு. என் காதுக்குள்ள சொல்லுது."

"என் கண்ணு முன்னால இல்லையே" என்று லத்தீஃபா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வந்தாள். வசீலாவின் தோளுக்கு மேல் கை நீட்டித் திரையைப் போட்டாள்.

அப்புறம் பேச்சே இல்லை. லத்தீஃபா பேசாமல் நின்று வசீலா கேட்டதே கிடையாது.

"என்ன?"

"வசீலா... மேல சிவப்பா பட்டையா ஒண்ணு இருக்குடி. இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும்."

"என்ன எழுதியிருக்கு?"

"பயிற்சின்னு எழுதியிருக்கு."

வசீலாவின் விரல்கள் விசைகளின் மேலேயே இருந்தன. எந்த விசை என்று அவளுக்கு ஒரு கணம் தெரியவில்லை.

அனீஸ் ஓடி வந்தான். இரண்டே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டான். மின்சாரம் போய் வந்தபோது அவளுடைய பெட்டி பயிற்சி அட்டவணையைத் திறந்திருக்கிறது. தலைப்பும் அதே, கட்டங்களும் அதே, பெயர்களும் அதே. வித்தியாசம் அந்தச் சிவப்புப் பட்டை ஒன்றுதான். பட்டையை அவன் ஒரு படமாக வைத்திருந்தான். திரையை வாசிக்கும் குரல் படத்தை வாசிக்காது.

"எழுத்தா போட்டிருக்கணும் அக்கா" என்றான். குரல் உலர்ந்திருந்தது. "எனக்குத் தோணவே இல்ல. கண்ணுல அடிக்கிற மாதிரி போட்டாப் போதும்னு..."

"எத்தனை பேரு?"

"முப்பத்தொண்ணு."

முப்பத்தொரு பேருக்கு அவள் வாயால் தேதி சொல்லியிருக்கிறாள். அந்தத் தேதிகளை அசல் அட்டவணையில் மற்ற மேஜைக்காரர்கள் வேறு முப்பத்தொரு பேருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஸ்கேன் எந்திரம் ஒன்று. அடுத்த காலி இடம் ஐந்து வாரம் தள்ளி. ஐந்து வாரத்தில் ஒரு கட்டி என்னவெல்லாம் செய்யும் என்று அந்த அறையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வசீலா எழுந்து, மேஜை விளிம்பைத் தொட்டுக்கொண்டே கவுன்டருக்கு வந்தாள்.

"தப்பு என்னோடதும்மா. தேதிய வேற இடத்துல குறிச்சுட்டேன். இன்னைக்கு இடம் இல்ல. திங்கக்கிழமைக்குள்ள நானே போன் பண்றேன்."

"தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா?" நெஜ்மா கொதித்தாள். "அப்பாவுக்குத் தண்ணிகூட இறங்கலை. இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்து... நீங்கள்லாம் எதுக்கு..."

சட்டென்று நின்றுவிட்டது அந்தப் பேச்சு. ஏன் நின்றது என்று வசீலாவுக்குத் தெரியும். அவளுடைய முகத்தை அப்போதுதான் பார்த்திருக்கிறாள் அந்தப் பெண்.

"ஐயோ... சரி, இருக்கட்டும்க்கா. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்."

"திட்டுங்க" என்றாள் வசீலா.

"இல்லக்கா. வாங்கப்பா, போகலாம்."

இரண்டு ஜோடிக் கால்கள் விலகிப் போயின. ஒரு ஜோடி இழுத்து இழுத்து நடந்தது. அது தாழ்வாரத்தின் கடைசி வரைக்கும் கேட்டது.

மோன்ஜியா மேடம் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார்.

"டைரக்டர் விளக்கம் கேக்கறார். நாலு வரி எழுதிக் குடு. பார்வை இல்லாததால அந்தப் பட்டை தெரியலைன்னு எழுது. ஒரு பய உன்னைத் தொட முடியாது."

"அனீஸ்?"

"அவனுக்கு ஒரு வார்த்தை திட்டு விழும். விடு."

"மேடம், ரெண்டு வருஷம் முன்னால லத்தீஃபா ரெண்டு பேரோட ஃபைல மாத்தி வெச்சா. என்ன பண்ணீங்க?"

"எழுத்துல எச்சரிக்கை குடுத்தோம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? வேலை பார்க்கறா."

"எனக்கும் அதையே குடுங்க."

மேடம் பெருமூச்சு விட்டார். "பொழைக்கத் தெரியாத பொண்ணா இருக்கியே. விசாரணை வரும்மா."

"வரட்டும். திரைய அணைச்சு வெச்சது நான். லத்தீஃபாவைத் துரத்தினது நான். அவ ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். கரண்டு வந்ததும் எந்த அட்டவணைன்னு யாரையாவது கேட்டிருக்கலாம். கேக்க வெக்கமா இருந்தது. எப்பக் கேட்டாலும் ஹம்மாதி ரூம் ஞாபகம் வந்துடுமோன்னு உங்களுக்கு."

விளக்கத்தை அவளே அடித்தாள். பிரெஞ்சுக்காரி ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டினாள். கவனக்குறைவு என்று எழுதினாள். சரிபார்க்கவில்லை என்று எழுதினாள். பார்வை என்ற சொல்லே அதில் வரவில்லை. தாளின் கீழே அடிக்குச்சியை வைத்து, அதன் ஓரமாகக் கையெழுத்துப் போட்டாள்.

டாக்டர்கள் மூன்று வாரத்துக்குத் தினமும் ஒரு மணி நேரம் முன்னதாக ஸ்கேனைத் திறக்க ஒப்புக்கொண்டார்கள். முப்பத்தொரு பேரையும் அதற்குள் திணிக்க வேண்டும். சிலருக்கு நான்கு நாள் தாமதம், சிலருக்குப் பதினெட்டு நாள். "நான் கூப்பிடறேன், நீ உட்காரு" என்றாள் லத்தீஃபா. வசீலா கொடுக்கவில்லை. "தப்பான தேதி சொன்னது என் குரல். சரியான தேதிய அது சொல்லட்டும்." ஆனால் திரை எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பெயரையும் சேமித்த பிறகு லத்தீஃபாவின் பக்கம் தலையைத் திருப்புவாள். லத்தீஃபா, "சிவப்பு இல்ல, பேர் இருக்கு" என்பாள்.

ஆமருக்கு ஏழாம் நாள் கிடைத்தது. நெஜ்மா போனில் மரியாதையாக இரண்டு முறை நன்றி சொன்னாள். ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை.

திங்கள்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு டைரக்டரின் கடிதம் வந்தது. தாளில் வந்ததால் லத்தீஃபா வாசிக்க வேண்டியிருந்தது. வெளியே ஆலிவ் செக்குகள் ஓடுகிற காலம். ஜன்னலைச் சாத்தியும் அந்தக் காட்டமான வாடை அறைக்குள் நிறைந்திருந்தது.

லத்தீஃபா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஊழியரின் உடல்நிலையை மனிதாபிமானத்தோடு கருத்தில் கொண்டு, ஒழுங்கு நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை. நாளை முதல் அவர் அப்பாயின்ட்மென்ட் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். கீழ்த்தளத்தில்..."

"போதும்."

"இன்னும் ரெண்டு வரி இருக்குடி."

"அதுல தப்புங்கற வார்த்தை எங்கயாவது இருக்கா?"

லத்தீஃபா மறுபடி பார்த்தாள். தாள் சரசரத்தது. "இல்ல."

"கவனக்குறைவு?"

"இல்ல வசீலா."

லத்தீஃபா மூக்கை உறிஞ்சினாள். "நான் மேடத்துகிட்டப் பேசறேன். தினமும் நான் பார்த்துச் சொல்றேன்னு சொல்றேன்."

"பேசு" என்றாள் வசீலா. ஒன்றும் நடக்காது என்று இருவருக்கும் தெரியும். மன்னிப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய எந்த ஆபீசிலும் படிவம் கிடையாது.

"இன்னும் எத்தனை பேர் பாக்கி?"

"நாலு. நான் பார்த்துக்கறேன், நீ வீட்டுக்குப் போ."

"ரெண்டு மணி வரைக்கும் இது என் மேஜை" என்று வசீலா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

மூன்று பேரைக் கூப்பிட்டு முடித்தாள். ஒருவர் எடுக்கவே வெகுநேரம் ஆனது. ஒருவர் புதிய தேதியைக் கேட்டுவிட்டு, "ஆண்டவன் விட்ட வழி" என்று வைத்துவிட்டார். ஒரு வீட்டில், நோயாளி ஊருக்குப் போயிருக்கிறார், சொல்லிவிடுகிறோம் என்றார்கள். கடைசிப் பெயர் கெர்க்கென்னா தீவில் ஒரு கிழவி. போனை எடுத்தது அவளுடைய மருமகள்.

வசீலா தன்னைச் சொல்லி, விஷயத்தைச் சொன்னாள். தேதியைத் தவறான இடத்தில் குறித்துவிட்டதாக, அது தன் பிழை என்று, பதினெட்டு நாள் தள்ளிப் போகிறது என்று.

மறுமுனையில் மடை திறந்தது.

"பதினெட்டு நாளா? உங்கம்மாவா இருந்தா தள்ளிப் போடுவியா? படகு டிக்கெட் எடுத்தாச்சு. வீட்டுக்காரரு வேலைக்கு லீவு சொல்லியாச்சு. நாற்காலியில உட்கார்ந்து காப்பி குடிச்சுக்கிட்டு, எவ பேரை எங்க எழுதறோம்னுகூடப் பார்க்காம... அரசாங்கச் சம்பளம் வாங்கறீங்க இல்ல? ஒரு பேரை ஒழுங்கா எழுதத் துப்பில்ல?"

வசீலா போனைக் காதோடு நன்றாக அழுத்திக்கொண்டாள். லத்தீஃபா பக்கத்திலிருந்து, "யாரு அது? குடு இப்படி, நான் பேசறேன்" என்று கை நீட்டினாள். வசீலா அந்தக் கையைத் தள்ளிவிட்டாள்.

அந்தப் பெண் மூச்சு வாங்கினாள். "நான் புகார் எழுதத்தான் போறேன். சும்மா விட மாட்டேன். உன் பேரு என்ன?"

"எழுதறதுக்குப் பேனா இருக்கா?"

"இருக்கு. சொல்லு."

"வசீலா ஃபுராத்தி" என்றாள் நிறுத்தி, தெளிவாக. "அப்பாயின்ட்மென்ட் பிரிவு. மூணாவது மேஜை. டைரக்டர் பேருக்கு எழுதுங்க. கவனக்குறைவுன்னு எழுதுங்க."

அந்தப் பெண் கொஞ்சம் தடுமாறினாள். கேலி செய்கிறாளோ என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு பேனா ஓடுகிற சத்தம் கேட்டது.

"எழுதிட்டீங்களா? திருப்பி ஒரு தடவை படிங்க."

அவள் படித்தாள். பெயர், பிரிவு, மேஜை எண், கவனக்குறைவு, எல்லாம் சரியாக இருந்தன.